எதிர் வீட்டுக் குழந்தையின் மூக்கு

வீட்டு வேலையில் உதவுவது என்று நான் கிளம்பிய நாட்களில்தான் எங்கள் வீட்டில் பெரிய சேதங்கள் நடந்திருக்கின்றன. அன்று காலை ஃபிரிட்ஜில் அழுக்காகத் தெரிந்த ஒரு சின்ன டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் பார்த்தால், ‘குழந்தை’ என்று எழுதிய சீட்டு என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் கழுவி ஊற்றியது என் மகளின் மலம். ஆராய்ச்சிக்குப் போக வேண்டியது.

தாயின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் பிரசவத்தில் பிள்ளைக்குப் போய்ச் சேர்கின்றனவா என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒரு டப்பா, பிள்ளைக்கு ஒரு டப்பா.

“ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளைக்குத் தாய்கிட்டேருந்து ஒண்ணும் வராதாமே” என்று என் அக்கா, பிள்ளை பார்க்க வந்த அன்றே போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மறுநாளே என் மனைவி ஆராய்ச்சியில் பெயர் கொடுத்துவிட்டாள். அவள் காத்திருந்த பதிலைத்தான் நான் பளபளவென்று கழுவி வைத்திருந்தேன்.

அவளுடைய டப்பா மட்டும் ஃபிரிட்ஜில் பத்திரமாக இருந்தது. அவள் குளிக்கப் போயிருந்தாள். ஆஸ்பத்திரி ஆள் வரும் நேரம்.

துணி மாற்றி முடிப்பதற்குள் மறுபடியும் போகிறவள் என் மகள். அன்று பார்த்து அசையவில்லை. வயிற்றைத் தடவினேன், சிரித்தாள். காலை மடக்கிச் சைக்கிள் விட்டேன், தூங்கிவிட்டாள்.

எதிர் வீட்டுத் தையற்காரிக்கும் அதே ஆஸ்பத்திரியில், அதே நாளில் பெண் குழந்தைதான், ஆனால் ஆபரேஷன் இல்லாமல். டப்பாவோடு போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டு உதட்டுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். யாரிடமும் சொல்லிவிடாதே என்றேன். இதைப் போய் யாரிடம் சொல்வது என்று நிரப்பிக் கொடுத்தாள். சீட்டை எச்சில் தொட்டு ஒட்டினேன்.

பொருந்தவில்லை என்று முடிவு வந்தால் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொள்வது என்பது என் திட்டம்.

முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். அக்காவும் கூடவே வந்தாள்.

“அம்மாகிட்ட இருக்கிறது அப்படியே பொண்ணுகிட்டயும் இருக்கு” என்றார் டாக்டரம்மா. “ஆபரேஷன் குழந்தைல இப்படி ஒரு பொருத்தத்தை நான் பார்த்ததே இல்லை.”

அக்காவின் வாய் மூடிக்கொண்டது. அபூர்வமான காட்சி, அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. எதிர் வீட்டுப் பிள்ளை என் மனைவியோடு பொருந்துகிறதென்றால்? ஒரே ஆஸ்பத்திரி. ஒரே நாள். பிள்ளை மாறிப்போய்விட்டதா?

மனைவியும் சந்தோஷப்படவில்லை. முகம் வெளுத்து, மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு மூக்கு பார்ப்பதே வேலையாகிவிட்டது. கண்ணாடியில் என் மூக்கு, தொட்டிலில் மகளின் மூக்கு, ஜன்னல் வழியாக எதிர் வீட்டுக் குழந்தையின் மூக்கு. அந்த வயதுக் குழந்தைக்கு மூக்கு என்று ஒன்று இன்னும் முடிவாகியிருக்காது. இருந்தாலும் என்னுடையது அங்கேதான் இருப்பதுபோல் பட்டது.

ஒரு நாள் ஜன்னலுக்குப் போனால், மனைவி எனக்கு முன்பே அங்கே நின்று அதே குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பாப்பா காது உங்க காது மாதிரி இல்ல?” என்றாள் மெதுவாக.

பெற்றவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று குளிப்பாட்டித் துவட்டும்போது மகள் என் விரலைப் பிடித்தாள். விடவில்லை. யார் பெற்றிருந்தாலும் இவளைக் கொடுக்கப்போவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. துண்டோடு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

தையற்காரி மிஷினை நிறுத்தினாள். எல்லாவற்றையும் கொட்டினேன். பிள்ளை மாறியிருக்குமா, எதுவானாலும் மறைக்காமல் சொல்லிவிடு என்றேன்.

அவள் வாயிலிருந்த நூலை எடுத்தாள்.

“அண்ணா, அன்னைக்கு நீங்க டப்பாவைத் தூக்கிக்கிட்டு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், ‘மருந்தா சாப்பிட்டு என் வயித்துல நல்லது ஒண்ணும் மிஞ்சியிருக்காது, உன்னோடதைக் குடு’ன்னு அண்ணி அவங்க டப்பாவோட வந்து வாங்கிட்டுப் போனாங்க.”