சர்க்கரைக்குப் பூட்டு

வீட்டில் இனி சர்க்கரை கிடையாது என்று பஸ் டிப்போ டைம்கீப்பர் அறிவித்தபோது, சர்க்கரை டப்பா ஏற்கெனவே பீரோவுக்குள் போயிருந்தது. சாவி அவர் சட்டைப் பையில்.

காரணம் இருந்தது. மகள் வகுப்பில் ஓர் இடத்தில் உட்காருவதில்லை. பாடத்தில் கண் இல்லை. பக்கத்துப் பிள்ளையின் டிபன் பெட்டியில்தான் கண். வெள்ளிக்கிழமைக்குள் மாறாவிட்டால் கீழ் வகுப்புக்கு அனுப்பிவிடுவதாக டீச்சர் சொல்லிவிட்டார்.

“எல்லாம் சர்க்கரை பண்ற வேலை,” என்றார் டைம்கீப்பர்.

“ரெண்டு வாய் தின்ன விடாம இழுத்துட்டுப் போறீங்களே, அது பண்ற வேலை,” என்றாள் மனைவி. “வாட்ச்மேன் வர்றதுக்கு முந்தியே பிள்ளை ஸ்கூல் வாசல்ல நிக்குது.”

“பஸ் டிப்போவுல நேரம் பார்க்கிறவன் வீட்டுல நேரம் தப்பலாமா?”

“வெறும் வயித்துல பாடம் ஏறுமா?”

“மணியைப் பாரு. கிளம்பு பாப்பா.”

அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் வைத்ததுதான் சட்டம். குளித்து வந்ததும் கைக்கடிகாரத்தை அதோடு சரிபார்த்துத்தான் கட்டுவார்.

வாரம் நகர மறுத்தது. சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மகள் நாற்காலியில் நெளிந்தால் பீரோவை இழுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மூவரும் டீச்சர் முன் நின்றபோது சட்டைப் பைமேல் கை வைத்துக்கொண்டார்.

டீச்சர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

“திங்கட்கிழமையிலேர்ந்து இது வேற பிள்ளை சார். அசையாம உட்கார்ந்து கணக்குப் போடுறா. இதே வகுப்புல இருக்கட்டும். என்ன செஞ்சீங்க?”

அவர் நெஞ்சு நிமிர்ந்தது. சாவியை எடுத்துக் காட்டினார். “சர்க்கரையை நிறுத்தினேன்.”

“இல்லையே,” என்றாள் மகள். “தினமும் முட்டை, ரொட்டி, பழம். அப்புறம் சர்க்கரை போட்ட பால்.”

வெளியே வந்ததும் குரலை அடக்கி மனைவியிடம் கேட்டார். “சர்க்கரை ஏது?”

“எதிர் வீட்டு அக்கா கொடுத்தாங்க.”

“இத்தனையும் தின்ன நேரம் ஏது?”

“நீங்க குளிக்கப் போனதும் கடிகாரத்தை அரை மணி பின்னால தள்ளி வைப்பேன். கிளம்பினதும் சரி பண்ணிடுவேன்.” மனைவி பெருமூச்சு விட்டாள். “டிப்போ கடிகாரத்தைப் பார்த்ததும் கண்டுபிடிச்சிடுவீங்கன்னு தினமும் பயந்துட்டே இருந்தேன்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு கூட்டம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. “இந்த வாரம் பூரா எல்லா பஸ்ஸும் அரை மணி லேட்டு,” என்று ஒருவர் பல்லைக் கடித்தார்.

மனைவி மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

“டிப்போ கடிகாரத்தை என்ன பண்ணீங்க?”

“திருத்திட்டேன்,” என்றார்.