குரூப்பு பாயும் பன்னீர் திராட்சையும்

இங்கிலாந்தில் ஒரு கால்பந்துக் கிளப் தோற்றால், மறுநாள் காலை கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் குலைகள் இளைத்துப் போகும். இதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். விஞ்ஞானிகள் யாராவது காரணம் கேட்டால் ஒரே வார்த்தையில் பதிலும் சொல்வேன்: குரூப்பு பாய்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. வெள்ளைக் கைலி, தோளில் துண்டு, துண்டுக்கு அடியில் துபாய் மச்சான் அனுப்பிய அந்தக் கிளப்பின் சிவப்புப் பனியன். துவைத்தால் ராசி போய்விடும் என்று, ஆட்டம் நடக்கிற மாதங்களில் அந்தப் பனியனுக்குத் தண்ணீரே காட்ட மாட்டார். அந்த மாதங்களில் பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே இருக்கும்.

நான் அப்போது பூச்சிமருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. உத்தமபாளையத்தில் அறை எடுத்துத் தங்கி, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் தோட்டமாக அலைந்துகொண்டிருந்தேன். பாய்க்கு அங்கே மதிப்புச் சொல்வதுதான் தொழில். பழம் பழுத்ததும் வியாபாரி பந்தலோடு மொத்தமாக விலை பேசுவார். அதற்கு முன்னால் பாய் பந்தலுக்கு அடியில் அண்ணாந்தபடி ஒரு நடை நடந்துவிட்டு, 'இத்தனை டன்' என்பார். விற்பவரும் வாங்குபவரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். அப்படி ஒரு கண் அவருக்கு.

கால்பந்துக் கிறுக்கு அவருக்குக் குமுளியில் பிடித்தது. ஏலக்காய் விற்கப் போன இடத்தில் மலையாளிகளோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்த்தார். போனவர் ஏலக்காயை மறந்துவிட்டுக் கிளப்போடு திரும்பி வந்தார். அதிலும் அவர் உயிரை விட்டது ஐரோப்பியக் கோப்பையின் குரூப் சுற்றில். குரூப்புக்கு நாலு அணி, ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் இரண்டிரண்டு தடவை மோத வேண்டும், முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். இதை அவர் டீக்கடையில் விளக்காத ஆள் பள்ளத்தாக்கில் கிடையாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூட எதிர் வரிசையைப் பார்த்து, "இந்தப் பந்தி கஷ்டமான குரூப்பு சார், ரெண்டு பேரு போலீஸ்காரக" என்பார்.

எந்தக் குரூப்பில் யார் என்று தெரிந்த அன்று டீக்கடையில் அவருடைய கணிப்பு நடக்கும். திராட்சை பாஷை தவிர அவருக்கு வேறு பாஷை வராது.

"ஸ்பெயின்காரன் தோட்டம் இருக்கே, பாக்க அம்புட்டு அழகு. ஆனா டிசம்பர் குளுரு வந்துச்சுன்னா சாம்பல் நோய் விழுந்துரும். இத்தாலிக்காரன் பழைய கொடி. காய்க்காது, ஆனா நம்மளயும் காய்க்க விட மாட்டான். அந்த நாலாவது டீமு இருக்கே, அது இப்பத்தான் நட்ட கன்னு."

"நம்ம டீம் எப்படி பாய்?" என்று கேட்டேன்.

அவர் பனியனைத் தடவிக்கொண்டார். "நம்மது நல்ல சாதிக் கொடி சார். கவாத்து வெட்டத் தெரியாத கோச்சுகிட்ட மாட்டிக்கிருச்சு."

வருஷா வருஷம் நம்ம டீம் முதலிடம் என்பதுதான் அவர் கணிப்பு. வருஷா வருஷம் நம்ம டீம் மூன்றாவது இடத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருக்கும். ஊரான் பந்தலை அண்ணாந்து பார்த்து ஒரு கூடை பிசகாமல் சொன்ன மனிதர், தன் கிளப்பை மட்டும் ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

இதில் விவசாயிகளுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். வந்தது. டீம் ஜெயித்த மறுநாள் பாய் பந்தலில் நுழைந்தால் அவருக்கு இலையெல்லாம் பழமாகத் தெரியும். தோற்ற மறுநாள் சோறு இறங்காது, பழமெல்லாம் இலையாகத் தெரியும். இதை முதலில் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. தெரிந்த பிறகு ஊரே மாறிப்போனது. பந்தைக் கண்ணால் பார்த்திராத சம்சாரிகள்கூட என்னை வழிமறித்து, "மருந்து சார், பாய் மாமா டீமுக்கு அடுத்த ஆட்டம் உள்ளூர்லயா வெளியூர்லயா?" என்று விசாரித்தார்கள். வியாபாரிகளோ தோல்விக்காகக் காத்திருந்து தேதி குறித்தார்கள். சம்சாரி ஒருவர் கோயிலில் கிளப்பின் பெயரைச் சொல்லி அர்ச்சனைச் சீட்டை நீட்டினார். பூசாரி அசராமல், "நட்சத்திரம்?" என்றாராம். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நட்சத்திரம் தெரியாது சாமி, செவப்புச் சட்டைன்னு சொல்லுங்க" என்றிருக்கிறார்.

ஒரு வருஷம் இதில் பேச்சியம்மாள் மாட்டிக்கொண்டாள். புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாக ஒரு சின்னப் பந்தலைக் காப்பாற்றி வந்தவள். மகளை மதுரையில் நர்சிங் படிப்பில் சேர்த்துவிட்டு, இந்தப் பழத்தை நம்பித்தான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். பழம் நன்றாகப் பழுத்து நின்றது. மேகமோ மேற்கு மலையை மூடிக்கொண்டு நின்றது. ஒரு மழை அடித்தால் பன்னீர் திராட்சை வெடித்துப்போகும், அப்புறம் ஈக்குத்தான் விற்க வேண்டும். மதுரை வியாபாரிக்கு இது தெரியும். அவர் மதிப்புக்குக் குறித்த நாள், குரூப் சுற்றின் கடைசி ஆட்டத்துக்கு மறுநாள் காலை. ஜெயித்தால்தான் நம்ம டீமுக்கு அடுத்த சுற்று. ஸ்பெயின்காரன் ஊரில் போய் ஜெயிக்க வேண்டும். பாயைத் தவிர உலகத்தில் யாரும் அது நடக்கும் என்று நம்பவில்லை.

பேச்சியம்மாள் அழுதுகொண்டு உட்காரும் ரகமில்லை. சுருளிப்பட்டியில் கேபிள் நடத்துகிறவன் அவளுடைய அக்கா மகன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஊர் முழுக்க விளையாட்டுச் சேனல் செத்துப்போனது. கேட்டவர்களிடம், "டிஷ்ல கொரங்கு ஏறி உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டான். நடுராத்திரிக்கு மேல் முடிகிற ஆட்டம் காலைப் பேப்பரிலும் வராது. திட்டம் இதுதான்: ஜெயித்தாலும் தோற்றாலும், ஜெயித்ததாகச் சொல்லிவிடுவது.

காலையில் நானும் தோட்டத்தில் இருந்தேன். மருந்து அடித்த கணக்கில் எனக்கும் அந்தப் பழத்தில் அக்கறை உண்டு. பாய் வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ராத்திரி ஆட்டம் பார்க்க முடியாத ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சியம்மாள் வரப்பிலேயே பிடித்துக்கொண்டாள். "வாங்கண்ணே! உங்க டீம் செயிச்சிருச்சுல்ல!"

பாய் அவளை உற்றுப் பார்த்தார். "நீ பாத்தியாத்தா?"

"இந்தக் கண்ணால பாத்தேண்ணே."

"ஊருக்கே சேனல் வரலையே?"

"எங்க வீட்டுல மட்டும் வந்துச்சு."

"எத்தன கோலு?"

நான் பின்னாலிருந்து இரண்டு விரலைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "ஏழு!" என்றாள்.

பாய் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "ஏழா! யார் யார் போட்டாக?"

"எல்லாருமே ஆளுக்கு ஒண்ணுண்ணே. அந்தக் கம்பத்துக்குள்ள நிக்கிறாரே, பாவம், அவரு மட்டும் ரெண்டு போட்டாரு."

"கோல்கீப்பரா?"

"ஆமா. எந்நேரமும் சும்மாவே நிக்கிறாரேன்னு பந்த அவருகிட்டக் குடுத்துட்டாக. எதிராளியில மூணு பேரு அவுட்டாகி ஓரமா உக்காந்துட்டாக. நடுவுல மழ வேற. அம்பயர் கொட பிடிச்சிக்கிட்டே நின்னாரு."

மதிப்புக்கு வந்து நின்ற வியாபாரி கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் அறியாதவர். அம்பயர் குடை பிடித்த செய்தியை அப்படியே நம்பி, அவர் முகம் தொங்கிப்போனது. நான் மருந்து டப்பாவின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கையை வாசிக்கிற பாவனையில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். பாயோ பரீட்சை எழுதுகிறவர் மாதிரி ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். "அப்புறம்? அப்புறம்?" என்று எடுத்துக் கொடுத்தார். அவளும் மூச்சு வாங்க, கையை வீசி, வரப்பில் இரண்டடி ஓடியே காட்டினாள்.

பிறகு அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குள் நுழைந்தார். வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார். சில குலைகளைக் கையில் ஏந்திப் பார்த்தார். வெளியே வந்து ஒரு கணக்குச் சொன்னார். வியாபாரி, "பாய், கொஞ்சம் யோசிச்சு..." என்று இழுத்தார். பாய் செருப்பை மாட்டினார். அதோடு பேச்சு முடிந்தது. மத்தியானமே அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். எடை போட்டபோது பாய் சொன்னதைவிட ஒரு கூடை கூடுதலாகவே இருந்தது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

மழைக்கு ஒதுங்கிய டீக்கடையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், "ராத்திரி முடிவு எப்பத் தெரிஞ்சது பாய்?" என்று மெல்லக் கேட்டேன்.

"விடியமுன்னே மச்சான் துபாய்ல இருந்து போன் போட்டுட்டான். மூணு சைபர். வெளிய வந்துட்டோம் சார்." கண்கள் கலங்கியிருந்தன.

"அப்புறம் ஏன் அந்தம்மா சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னீங்க?"

"ஊரே என்னப் பத்தி என்ன பேசுதுன்னு எனக்குத் தெரியாதா? உள்ளதச் சொல்றேன் சார். தோத்த மறுநா எனக்கு எல்லாப் பழமும் சிறுசாத்தான் தெரியும். எம்புட்டோ முயற்சி பண்ணிப் பாத்துட்டேன், மாத்த முடியல."

"இன்னைக்கு அப்படித் தெரியலையே?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார். "ஏழு கோல் சார்! எம்புட்டு வருசமா இந்த டீமப் பாக்குறேன், எனக்காக ஒரு தடவ ஏழு போட்டிருக்கானா? அந்தப் பிள்ள போட்டுக் குடுத்துருச்சே. அப்புறம் எப்பிடிச் சிறுசாத் தெரியும்?"

அந்தக் கிளப்பை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனால் அது ஜெயித்தது என்று எங்காவது காதில் விழுந்தால், பாய் நாளைக்கு நன்றாகச் சாப்பிடுவார் என்று மனசுக்குள் ஒரு நிம்மதி வருகிறது.