சர்க்கரை ஊட்டித் தோற்கடிப்பவர்

பார்த்த நாள்: மார்ச் 4. பார்த்த இடம்: பூஞ்சை நோய் ஆய்வகம், இரண்டாம் மாடி, குளிர்பதனப் பெட்டிக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவிலுள்ள சுழல்நாற்காலி. பார்க்கப்பட்ட இனம்: சௌகரியச் சோதனையாளர். வயது: ஐம்பத்தாறு. பதவி: துறைத்தலைவர். அடையாளம்: கேள்வி முடியுமுன் பதிலுக்குத் தலையசைப்பது. அரிய இனம் என்று எண்ணிவிடாதீர்கள். எந்த அலுவலகத்திலும் வளரும், உரம்கூட வேண்டாம்.

முடிவு நல்லபடியாக வரும் இடத்தில் மட்டுமே சோதித்துப் பார்ப்பது இவ்வினத்தின் இயல்பு. மூட்டு வலி இருக்கிறதா என்பதை உட்கார்ந்தபடி பார்த்துக்கொள்வார். குடை ஒழுகுகிறதா என்பதை வெயிலில் விரித்துப் பார்ப்பார். மனைவிக்குத் தம்மேல் கோபம் ஏதும் உண்டா என்பதை அவள் உறங்கும்போது எட்டிப்பார்த்து, இல்லை என்று நிம்மதியடைவார்.

நம் துறைத்தலைவர் வளர்ப்பது வாயிலும் குடலிலும் குடியிருந்து, சமயம் பார்த்து நோயாக மாறும் ஒரு பூஞ்சை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதற்கு அவர் இடும் உணவு சர்க்கரைக் கரைசல். தலைப்பிள்ளையைப்போல் வேளாவேளைக்கு ஊட்டி, அது மினுமினுத்து நிற்கும்போது மனித இரத்தத்தின் வெள்ளை அணுக்களை அதன்மேல் ஏவிவிடுவார். அணுக்கள் நூறில் எண்பதுக்குக் குறையாமல் விழுங்கித் தள்ளும். நம்முடைய உடம்பு லேசுப்பட்டதில்லை என்று வருவோர் போவோரிடமெல்லாம் மார்தட்டுவார். லேசுப்பட்டதில்லைதான். ஆனால் உடம்புக்குள் அந்தப் பூஞ்சைக்கு யார் இப்படிப் பந்தி விரிக்கிறார்கள்?

இதைக் கேட்டவள் அவருடைய ஆய்வு மாணவி. கேட்டதோடு நில்லாமல், கடைசி அத்தியாயத்துக்காகப் பூஞ்சைக்கு லாக்டேட்டைக் கொடுத்தாள். பால் புளிக்கும்போது உண்டாகும் அமிலத்தின் உப்பு அது. நம் வாயிலும் குடலிலும் உள்ள நுண்ணுயிர்கள் ஓயாமல் உண்டாக்குவதும் அதைத்தான். அதைத் தின்று வளர்ந்த பூஞ்சை, தன்னைக் காட்டிக்கொடுக்கும் பகுதியை மேலுறைக்கு அடியில் மறைத்துக்கொண்டது. வெள்ளை அணுக்களோ அருகில் வந்தும், யாரோ என்னவோ என்று விலகிப் போயின.

துறைத்தலைவர் கையெழுத்திட்டால்தான் மாத இறுதிக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்க முடியும். ஒப்படைத்தால்தான் அவளுக்கு உறுதியாகியிருந்த வேலை கைக்கு வரும். அவர் அத்தியாயத்தைப் புரட்டினார். பேனாவை மூடினார்.

"ஏம்மா, நல்லா சாப்பிட்டுட்டு இருந்ததுக்குப் புளிச்சதப் போட்டா அது எப்படி ஒழுங்கா நடந்துக்கும்? திரும்ப சர்க்கரைல போடு."

"சர்க்கரைல போட்டா, சர்க்கரைல என்ன நடக்கும்னுதானே சார் தெரியும்?"

"அது போதும்."

இதற்கிடையே அவருடைய நாக்கில் வெண்படலம் ஒன்று படர்ந்திருந்தது. மூன்று வாரமாகச் சுரண்டியும் போகவில்லை. அன்றிரவு குளியலறை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார், நன்றாகக் குறைந்திருந்தது. மனைவி வந்து விளக்கைப் போட்டாள்.

"இப்ப நீட்டுங்க. அங்க வளக்கிறது போதாதுன்னு வீட்டுக்கும் எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

மனைவி சொன்னதை ஒப்புக்கொள்வதா? மறுநாள் ஆய்வகத்தில் நாக்கைச் சுரண்டி மாதிரி கொடுத்தார். சட்டைக்கையை மடித்து இரத்தமும் கொடுத்தார். தம் பூஞ்சையைத் தம் அணுக்களே விழுங்குவதைக் காட்டி, மனைவி, மாணவி இருவர் வாயையும் ஒருசேர அடைப்பது திட்டம். எந்த உணவில் வளர்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் அதைச் சொல்லும் தேவை வந்ததே இல்லை. மாணவி இரண்டிலும் வளர்த்தாள்.

சர்க்கரையில் எண்பத்துமூன்று. "சொன்னேன்ல? குணமாயிடுச்சு," என்றார், மேலண்ணத்தில் ஒட்டிய நாக்கைப் பிரித்தெடுத்துத்தான் அதைச் சொல்ல முடிந்தது. அவள் லாக்டேட்டில் வளர்ந்ததன் கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியில் பொருத்திவிட்டு ஒதுங்கினாள். அவர் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. அங்கே, கடன் கேட்பாரோ என்று பயந்து தெருவின் மறுபக்கம் போகும் உறவினரைப்போல், வெள்ளை அணுக்கள் பூஞ்சையைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

"இது யாரோடது?"

"உங்களுதுதான் சார். ரெண்டுமே."

"எங்கயோ தப்பு நடந்திருக்கு."

"இருக்கலாம் சார். நாக்க நீட்டுங்க, எந்தத் தட்டுல தப்புன்னு பாத்துடலாம்."

அவர் நீட்டவில்லை. வாயை இறுக மூடியபடி பேனாவைத் திறந்து, இந்த முடிவையும் சேர்த்து அவள் நீட்டிய பக்கத்தில் கையெழுத்திட்டார். இனம் திருந்திவிட்டது என்று அவசரப்படாதீர்கள். மறுநாள் துறைக் கூட்டத்தில், லாக்டேட்டில் வளர்த்துப் பார்க்கும்படி தாமே முதலிலிருந்து வற்புறுத்திவந்ததாகவும், மாணவிதான் தயங்கினாள் என்றும் பெருந்தன்மையோடு தெரிவித்தார். மாணவி மறுக்கவில்லை, கையெழுத்து காய்ந்துவிட்டிருந்தது.

சிரிக்கிறீர்களா? இரத்தச் சோதனைக்கு இரண்டு நாள் முன்பே இனிப்பை நிறுத்திவிட்டு, வந்த சீட்டை வீட்டார் அனைவருக்கும் உரக்கப் படித்துக் காட்டியது யார்? எழுதிய கதையை அம்மாவிடம் மட்டும் காட்டி, அருமை என்று சான்றிதழ் வாங்கியது யார்? இவ்வினத்தில் உங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம், துறைத்தலைவர் கையெழுத்திட்ட பக்கம். மாதிரி: நாக்கு, ஆண், வயது ஐம்பத்தாறு. உணவு: லாக்டேட். விழுங்கப்பட்டவை: நூறில் இருபத்தேழு.