வெளியூர் மூக்கு

ஜனவரி 22, திங்கட்கிழமை. காலை நாலரைக்கு எழுந்தேன். நாட்காட்டியில் தாளைக் கிழித்தேன். ஒரு டம்ளர் வெந்நீர் குடித்தேன். நாலு ஐம்பதுக்குச் சவரம். என் டைரியின் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் இப்படித்தான் இருக்கும். அடுத்த வரி மட்டும் புதிது: ‘இன்று வண்டி கிளம்புகிறது.’

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருடம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவன் நான். ஒரு தையல் கோணினால் ஜோடியையே ஒதுக்கிவிடுவேன். (முதுகுக்குப் பின்னால் என்னைப் ‘பூதக்கண்ணாடி’ என்பார்கள். முகத்துக்கு நேராகவும் சொன்னதுண்டு.) விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து எனக்கு ஒரே கனவு. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் வெளிர்நீலச் சாப்பாட்டு வண்டி ஒன்று நிற்கிறது. சோற்றின் ஆவி மெல்ல எழும்பித் தண்ணீரின்மேல் போகிறது. நெடுஞ்சாலையில் பறக்கிற கார்கள் காரணம் தெரியாமலே வேகம் குறைகின்றன. என் மனைவி சுகுணா கரண்டியோடு நிற்கிறாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது மட்டும் கனவில் தெளிவாக இல்லை.

“வேற இன்னா, சும்மா நின்னுனு இருந்திருப்பீங்க” என்றாள் சுகுணா.

வண்டிக்குச் சம்மதிக்க அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். “சொந்தக்காரங்க நல்லா இருக்குதுன்னுதான் சொல்வாங்க. வாய் கூசாது. என்னைத் தெரியாதவங்க யாராச்சும் ஒருத்தர் ரெண்டாவது தபா கேக்கணும். முதல் நாளே கேக்கணும். இல்லைனா வண்டியக் குடுத்துடுங்க. ஊருக்குச் சமைக்கிற பேச்சே வேணாம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கல்யாணமான இருபத்து நான்கு வருடத்தில் தன் கைப்பக்குவத்தைப் பற்றி அவள் யாரிடமும் கேட்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வண்டியை ஆம்பூரில் அன்வர் பாயிடம் வாங்கினேன். நேர்மையான மனிதர். “சார், ஆறு வருஷம் தோல் ஏத்தின வண்டி. நல்லா மோந்து பாத்துக்கங்க. அப்புறம் பேஜார் ஆயிடப் போவுது” என்று அவரே சொன்னார். நான் முப்பத்தோரு அம்சப் பட்டியல் ஒன்று தயாரித்துக் கொண்டுபோயிருந்தேன். வண்டிக்குள் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணை மூடி, நான்கு மூலையிலும் நின்று மூச்சை இழுத்தேன். அம்சம் 27, வாடை: இல்லை. கீழே கையெழுத்து.

அன்வர் பாயும் உடன் நின்று மோந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. (அவருக்கு ஆம்பூர் மூக்கு, எனக்கு ராணிப்பேட்டை மூக்கு. எப்படித் தெரியும்?)

அந்தத் திங்கட்கிழமை பதினொன்றரைக்கு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். மழைக்குப் பிந்தைய ஏரி கரை தொட்டுக் கிடந்தது. வானம் தண்ணீரில் படுத்திருந்தது. ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்று என்னைப் போலவே ஏதோ கனவில் இருந்தது. பின்கதவைத் திறந்தேன். இரண்டரை மணி நேரம் மூடிக் கிடந்த சோறு, முருங்கைக்காய் சாம்பார், ரசம் எல்லாவற்றின் ஆவியும் வெள்ளையாய் வெளியே வந்தது. கனவில் கண்டது இம்மி பிசகவில்லை.

முதல் கார் நின்றது. அப்பா, அம்மா, ஐந்து வயதுப் பெண். தட்டை வாங்கினார்கள். அந்தக் குழந்தை சுற்றுமுற்றும் பார்த்தது.

“அம்மா, யாரோ ஷூவக் கழட்டிட்டாங்க.”

அம்மா அதன் வாயைப் பொத்தினாள். பிறகு தன் மூக்கையும் பொத்தினாள். “சாம்பார் ஊசிப்போச்சோ?” என்று கணவனிடம் முணுமுணுத்தாள். தட்டுகள் அப்படியே குப்பைக்கூடைக்குப் போயின.

அடுத்து பைக்கில் இரண்டு பேர். “அக்கா, உள்ள கருவாடா?”

“இல்லப்பா, கத்திரிக்கா கொத்சு.”

“பரவால்லக்கா, அப்புறம் வர்றோம்.”

ஒரு மணிக்குள் ஏழு வண்டிகள் நின்றன. ஏழும் கிளம்பின. சுகுணா சாம்பாரை மோந்தாள். என்னை மோக்கச் சொன்னாள். நன்றாகத்தான் இருந்தது. அவள் ஏப்ரனை அவிழ்த்து, நான்காக மடித்து, ஏரியைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“என் கைதாங்க சரியில்ல. இத்தினி வருஷம் நீங்க எதுவும் சொல்லாம சாப்ட்டீங்க.”

எட்டாவதாக வந்தவர் பெரியவர், திருச்சிப் பக்கம். தட்டை வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தம்பி, சாப்பாட்டக் குத்தம் சொல்லல. வண்டிதான் செருப்புக்கடை மாதிரி அடிக்குது. உங்களுக்குத் தெரியலையா?”

வண்டிக்குள் தலையை விட்டு இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் தெரிந்தது. ஆறு வருடத் தோல் வாடை வண்டியின் தரைப் பலகையில் ஊறிக் கிடந்திருக்கிறது. சூடான ஆவி அதை எழுப்பிவிட்டது. பிறந்ததிலிருந்து தோல் தொழிற்சாலைக் காற்றிலேயே வளர்ந்த எனக்கும் சுகுணாவுக்கும் அது வாடையே இல்லை.

சொல்லாமல் விட்டால் என் பட்டியல் பிழைக்கும். (ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் டைரியில் எழுதியிருக்கிறேன்.) பையிலிருந்து அதை எடுத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இருபத்தேழாம் அம்சத்தை உரக்கப் படித்தேன். கையெழுத்து உட்பட.

சுகுணா தண்ணீர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன்.

“நாலு மூலையிலயுமா மோந்தீங்க?”

“நாலு மூலையிலயும்.”

“கண்ண மூடினு?”

“ஆமா.”

சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “சரி, நம்மள மாதிரி மூக்கு இருக்கற ஜனம் எங்க கீது, சொல்லுங்க? அங்க விடுங்க வண்டிய.”

ஒன்றே முக்காலுக்கு என் பழைய கம்பெனி வாசலில் நின்றோம். இரண்டாம் சாப்பாட்டு வேளை. தையல் பிரிவுப் பெண்கள் வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தரும் மூக்கைச் சுளிக்கவில்லை. வண்டியின் நிழலில் சாய்ந்து, சுகமாகச் சாப்பிட்டார்கள். சுகுணாவை அதற்குமுன் பார்த்தே இராத ஒரு பெண் தட்டை நீட்டினாள்.

“அக்கா, ரசம் இன்னொரு கரண்டி.”

சுகுணா என்னைப் பார்க்கவில்லை. கரண்டியை மட்டும் நிறைய மொண்டாள்.

பலகையைப் பிறகு மாற்றிவிட்டோம். ஆனாலும் இன்றைக்கும் எங்கள் வீட்டில் புடவை எடுத்தாலும் மருமகன் பார்த்தாலும், “எதுக்கும் ஒரு வெளியூர் மூக்கக் கூப்டுங்க” என்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் நாலரைக்கு எழுந்தேன். நாட்காட்டித் தாளைக் கிழிக்கப் போனால், அது ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தது. சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சுகுணா ஒரு சொட்டு சாம்பாரை என் உள்ளங்கையில் விட்டாள்.

“உப்பு மட்டும் பாருங்க. மோந்து பாக்காதீங்க.”