ஐந்துக்குள் இருக்க வேண்டிய நாற்பத்தெட்டாயிரம்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை போல இருக்கும். எழுத்துப் பிழைகளை மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் அவளைவிட இரண்டு வகுப்புதான் கூடப் படித்தவன். வீட்டில் தன்னைக் கூப்பிடுகிற பட்டப்பெயர் ஏன் வந்தது என்று எழுதச் சொன்னதும் அவள்தான். வாயால் சொல்ல எனக்கு வெட்கம்.

எனக்கு எழுத்துதான் தகராறு, எண் நன்றாக வரும். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கிற பம்பில் கான்ட்ராக்ட் வேலை. மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தில் சிவப்புக் கோடு. முள் அதைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்து. அவ்வளவுதான் சட்டம். (மற்ற நேரத்தில் என் குரல் என் சட்டைப் பையைத் தாண்டாது.)

குறிஞ்சிப்பாடியில் கட்டிக்கொடுத்த என் மகள் கவிதா உண்டாகியிருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாள். முன்பு ஒருமுறை உண்டாகி, சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லி, அது தங்காமல் போயிற்று. அதனால் இந்த முறை மூன்று மாதம் முடிகிறவரை சம்பந்தியம்மாவிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்பது என் மனைவி அஞ்சலையின் உத்தரவு.

ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க, ஷிப்ட் முடிந்து நான்தான் லேபுக்குப் போனேன். கவரைக் கொடுத்த பெண்ணிடம், ‘நல்லாருக்காம்மா?’ என்று கேட்க நாக்கு எழவில்லை. பெண்கள் சமாச்சாரம். வெளியே வந்து பிரித்தேன். இங்கிலீஷை விட்டுவிட்டு எண்களைப் பார்த்தேன். ஒரு வரியில், பன்னிரண்டுக்குமேல் இருக்க வேண்டியது பதினொன்றே கால். சரி, கொஞ்சம் கம்மி. கடைசி வரியில், ஐந்துக்குள் இருக்க வேண்டியது நாற்பத்தெட்டாயிரம்.

என் சர்வீஸில் முள் ஆறைத் தொட்டதே ஒரு தடவைதான். அன்று குழாய் வெடித்து இன்ஜினியருக்குச் சேற்று அபிஷேகம் நடந்தது.

வீட்டுக்குள் நான் பாய்ந்தபோது கவிதா மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

“கீழ வை. அசையாத. படு.”

“இன்னாப்பா ஆச்சு?”

“பேசாத. பேசுனா ஏறும்.”

“இன்னா ஏறும்? சொல்லிட்டு ஆடுய்யா,” என்றாள் அஞ்சலை. கவரை நீட்டினேன். அவளுக்கு எண்ணும் வராது. என் முகத்தைப் பார்த்தே அழ ஆரம்பித்துவிட்டாள்.

மகளைக் கட்டிலோடு தூக்கி, பக்கத்து வீட்டு ஏழுமலை பலாப்பழம் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் வைத்தோம். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, “நாப்பத்தெட்டாயிரம், நாப்பத்தெட்டாயிரம்” என்று புலம்பிக்கொண்டே வந்தேன்.

“இன்னா மாமா, பெர்மனன்ட் பண்ணிட்டாங்களா? அரியரா?” என்றான் ஏழுமலை.

ஆஸ்பத்திரியில் நர்சம்மாவிடம் விஷயத்தைக் கிசுகிசுத்தேன்.

“சத்தமா சொல்லுங்கய்யா, ஒண்ணும் கேக்கல.”

மறுபடி கிசுகிசுத்தேன். மறுபடியும் கேட்கவில்லை. அப்போது எனக்குள்ளிருந்த பம்பு ஆபரேட்டர் எழுந்துகொண்டான்.

“எம்பொண்ணு முழுகாம இருக்குது! மீட்டரு செவப்பத் தாண்டிப் போச்சு!”

கூடமே திரும்பிப் பார்த்தது. மூட்டுவலிக்காரர்கள் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் மட்டும் மெதுவாக எழுந்தார். குறிஞ்சிப்பாடி சம்பந்தியம்மா.

நர்சம்மா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார்.

“ஐயா, இது கர்ப்பத்துல ஊறுற ஹார்மோனு. இந்த அஞ்சு, உண்டாகாதவங்களுக்குப் போட்ட அளவு. எல்லாருக்கும் அதையேதான் அடிச்சுத் தருவாங்க. உண்டானவங்களுக்கு இந்த நேரத்துல ஆயிரக்கணக்குல ஏறணும். ஏறலன்னாதான் நாங்க யோசிக்கணும்.”

“அந்தப் பதினொண்ணே காலு?”

“அது ரத்த அளவு. மாசமா இருக்கறவங்களுக்குப் பதினொண்ணு இருந்தா சரிதான். எதுக்கும் டாக்டரு பாத்துரட்டும். நீங்க அந்தக் கட்டில வழியில இருந்து எடுங்க.”

கவிதா தானே எழுந்து நடந்து உள்ளே போனாள். கூடவே, யாரையும் கேட்காமல், சம்பந்தியம்மாவும் போனார். நான் கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து அதன் பின்னால் நின்றுகொண்டேன். வெட்கம் பாதி. மீதி, போன தடவை இதே மாதிரி ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்ததுதான்.

கதவு திறந்தது. சம்பந்தியம்மாவின் கண் ஈரமாக இருந்தது.

“துடிக்குதுங்க. ஸ்கேன்ல நானே பாத்தேன்.” பிறகு கட்டிலை எட்டிப் பார்த்தார். “எங்கிட்ட மறச்சிட்டு, ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுக்கினு, எம்மருமவள பலாப்பழ வண்டியிலயா ஏத்திக்கினு வந்தீங்க?”

கட்டில் பின்னாலிருந்து, “ஆமாங்க,” என்றேன்.

பிறந்தவளுக்கு ஓர் அழகான பெயர் வைத்தோம். அது பள்ளிக்கூடத்தில் மட்டும் செல்லுபடியாகிறது. வீட்டில் இரண்டு பக்கச் சொந்தத்துக்கும் அவள் ‘நாப்பத்தெட்டாயிரம்’தான். போன பரீட்சையில் கணக்கில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கிவந்து காட்டினாள். நாங்கள் எல்லோரும் மெச்சினோம். சம்பந்தியம்மா மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாஞ் சரி. ஆயிரத்த எங்கடி வுட்டுட்டு வந்த?”

எழுதி முடித்தது: மாட்டுப் பொங்கலன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.