நல்ல சுகம் எண்டு சொல்லப்போய்

அண்டைக்கு எனக்கிருந்தது ஒரே ஒரு வேலைதான். தோட்டவெளியில பஸ் ஏறி, மன்னார் ரவுணில இறங்கி, டொக்டரிட்ட கைவிரலைக் காட்டிப்போட்டு வரவேணும்.

எனக்குச் சரவாங்கி. உடம்பைக் காவல் காக்கிற படையே புத்தி கெட்டு சொந்த மூட்டுகளை அடிக்கிற வருத்தமாம். காலமையில விரல் மடங்காது. நான் தையல்காரி. ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறன், என்ர சட்டைக்குப் பின்கொக்கி பூட்டுறது என்ர மனுசன் சேவியர்.

விழுங்கின மருந்துக் குளிசை ஒண்டும் சரிவரேல்லை. கத்தரிக்கோல் பிடிக்க ஏலாமல் போனா கடையை மூடவேண்டியதுதான். அந்தப் பயம் எனக்கு நல்லா இருந்தது.

அப்பதான் கிளினிக் நேர்ஸ் போன் எடுத்தா.

"அக்கா, புது ஊசி ஒண்டை ஆராய்ச்சி செய்ய ஒரு டொக்டர் வாறா. வருத்தம் நல்லா இருக்கிற ஆக்களைத்தான் எடுப்பினம். நோக்குளிசை போட்டிட்டு வராதேங்கோ."

வருத்தம் நல்லா இருக்கவேணும்! என்னை விட்டா வேற ஆர்?

சேவியருக்குத்தான் சந்தேகம். "நீ அங்க போய் வாயால கெடுத்துப்போடுவாய். எங்க, நான்தான் டொக்டர். எப்பிடிச் சுகம் அம்மா?"

"நல்ல சுகம்."

"பாத்தியே!"

பஸ்ஸிலயும் ஒத்திகை நடந்தது. ரவுண் கிட்ட வரேக்க ஒருமாதிரி "சுகமில்லை" எண்டு வாயில வந்திட்டுது. அந்த நேரம் பார்த்து முன் சீற்றில இருந்த அக்கா திரும்பினா.

"என்ன பிள்ளை, எப்பிடிச் சுகம்?"

"நல்ல சுகம் அக்கா!"

சேவியர் யன்னலுக்கு வெளியால கழுதையளைப் பாக்கத் தொடங்கிட்டார்.

டொக்டர் சின்ன வயசுப் பிள்ளை. நல்ல அன்பான முகம். நானும் சும்மா போகேல்லை. டொக்டரிட்டப் போறதெண்டா வடிவாப் போகவேணும் எல்லோ? கோயில் பெருநாளுக்குக் கட்டுற சீலை, பவுடர், பூ. கலியாண வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி இருந்திருப்பன்.

"வாங்கோ அம்மா, இருங்கோ. எப்பிடிச் சுகம்?"

"நல்ல சுகம் டொக்டர். நீங்கள் எப்பிடி?"

மேசைக்குக் கீழ என்ர காலை ஒரு செருப்பு மிதிச்சது.

டொக்டர் ஒவ்வொரு விரல் மூட்டா அமத்தினா. உயிர் போச்சு.

"நோகுதோ?"

"பரவாயில்லை."

"கண்ணால தண்ணி வருதே?"

"தூசி."

"சைபரில இருந்து பத்து வரைக்கும் எண்டா, நோவுக்கு எத்தினை சொல்லுவீங்கள்?"

எட்டு எண்டு சொல்லத்தான் வாய் திறந்தனான். ஆனா முதல் முதல் சந்திக்கிற ஆளிட்ட எட்டுக் கேக்கிறது பேராசை மாதிரிக் கிடந்தது.

"ரெண்டு," எண்டன்.

டொக்டருக்கு நல்ல சந்தோசம். "பிறகென்ன? பழைய மருந்தே வேலை செய்யுது போல. உங்களை இதுக்கு எடுக்கத் தேவையில்லை அம்மா."

"ஐயோ டொக்டர், எனக்குச் சுகமே இல்லை!"

"இப்பதானே நல்ல சுகம் எண்டனீங்கள்?"

"அது மரியாதைக்கு!"

டொக்டர் என்னை நம்பேல்லை. நான் எழும்பின வேகத்தில சீலைத் தலைப்பு நழுவிட்டுது. பின்னால நிண்ட நேர்ஸ் கத்தினா.

"அக்கா, கொக்கியெல்லாம் மாறிப் பூட்டிக் கிடக்கு!"

டொக்டரும் எழும்பி வந்து என்ர முதுகைப் பாத்தா. மேல் கொக்கி கீழ் ஓட்டையில, கீழ் கொக்கி அந்தரத்தில.

"நீங்கள் தையல்காரி எண்டெல்லோ பதிவில கிடக்கு?"

"அது என்ர பூட்டு இல்லை டொக்டர். இவரிட பூட்டு."

சேவியர் வெக்கத்தில சிவந்துபோனார். "நானும் எத்தினை மாசமாப் பழகுறன் டொக்டர். வருதில்லை."

டொக்டர் சிரிக்கேல்லை. மெதுவாக் கேட்டா, "ஒரு கொக்கி பூட்டவும் ஏலாதோ அம்மா?"

"ஏலாது டொக்டர்," எண்டன். அதுக்குப் பிறகு தூசி எண்டு சொல்ல முடியேல்லை. அழுதிட்டன்.

என்னைத் திரும்ப இருத்தினா. திரும்ப விரலை அமத்தினா. இந்த முறை ஒண்டும் கேக்கேல்லை, என்ர முகத்தைத்தான் பாத்தா. பிறகு இரத்தமும் எடுத்தா. என்ர இரத்தத்துக்கு என்னைப்போல மரியாதை பாக்கத் தெரியாது. உள்ளதை அப்பிடியே சொல்லிப்போட்டுது. என்னையும் எடுத்திட்டினம்.

சிலருக்குப் புது மருந்தாம், சிலருக்கு மருந்தில்லாத ஊசியாம். ஆருக்கு எது எண்டு டொக்டருக்கே தெரியாதாம்.

"அப்ப குணமாகுதோ இல்லையோ எண்டு நீங்கள்தான் வந்து சொல்லவேணும்," எண்டா டொக்டர்.

"அவவைக் கேக்காதேங்கோ டொக்டர்," எண்டார் சேவியர். "கொக்கியைப் பாருங்கோ."

அது நடந்து மாசக்கணக்கு ஆகுது. எனக்குப் போடுறது எந்த ஊசியோ தெரியாது. ஆனா இண்டைக்குக் காலமை கொக்கியை நானே பூட்டினன். நேர் நேராய், ஒண்டும் மாறாமல்.

நாளைக்குக் கிளினிக். "எப்பிடிச் சுகம்?" எண்டு கேப்பினம். இப்ப நல்ல சுகம் எண்டு சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம்.