இராயப்பரின் தாடி காணாமல் போனது பற்றி

சேசு மரி சூசை துணை

நீலசந்திரா, பெங்களூர்
20 ஏப்ரல் 1998

என் அன்புத் தங்கை அல்போன்சாவுக்கு அண்ணன் ஆம்ப்ரோஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அண்ணி நோராவும் சுகம். தங்கவயலில் நீயும் மாப்பிள்ளை டெரிக்கும் அவ்வண்ணமே சுகமென்று நம்புகிறேன். என் முழங்கால் வலியைப் பற்றி எழுத நேரமில்லை. அதைவிடப் பெரிய விஷயம் நடக்கிறது.

மே 31ஆம் தேதி உங்கள் கல்யாண வெள்ளிவிழாவுக்குக் சேசுநாதர் சீடர்களோடு பந்தியிருக்கும் கடைசி இராவுணவுப் படத்தை என் கையாலேயே பூத்தையலில் செய்து தருவதாக நான் கிறிஸ்துமஸ் விருந்தில் சொன்னபோது, மாப்பிள்ளை, "மச்சான், மொதல்ல சட்டைக்குப் பட்டன் தைங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாரே, மறந்திருக்க மாட்டாய். அந்தப் படம் மேடையில் நிற்காவிட்டால் நான் தங்கவயல் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஊசியை என் கையில் கொடுத்தவள் நோராதான். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் சமையலறையில் அவளுக்கு ஒத்தாசை செய்தேன். சப்பாத்தியை ஸ்கேல் வைத்து அளந்தேன், குக்கர் விசிலுக்கு அட்டவணை போட்டு மாட்டினேன். பத்தாம் நாள் அவளே கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் போய்த் துணியும் நூலும் வாங்கி வந்துவிட்டாள். தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் உற்பத்திப் பலகை எழுதியவனுக்கு இது ஒரு வேலையா? சுவரில் கிராப் தாள் ஒட்டினேன். தினம் முந்நூறு தையல், சாயங்காலம் எண்ணிச் சிவப்புப் பென்சிலால் கோடு. கோடு நேராக மேலே ஏறியது. பிப்ரவரிக் கடைசியில் தபசுக்காலம் தொடங்குவதற்குள் இராயப்பர், அருளப்பர் என்று ஏழு அப்போஸ்தலர்கள் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதன்பிறகுதான் சனியன் பிடித்தது. கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்து எண்ணினால் முப்பது குறைகிறது, மறுநாள் நாற்பது குறைகிறது, போகப் போக நூற்றைம்பதுகூடக் குறைகிறது. பூச்சி என்று அந்துருண்டை போட்டேன், தும்மல்தான் மிச்சம். கண் டாக்டரிடம் போனேன், அந்தப் பெண் "கண்ணு சூப்பரா இருக்கு அங்கிள், கொஞ்சம் எண்றத நிறுத்துங்க" என்றாள். சாட்சிக்கு எதிர்வீட்டுக் கிளாரன்ஸைக் கூப்பிட்டு சாயங்காலமும் காலையும் காட்டினேன். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "சார், நேத்து இராயப்பருக்குத் தாடி இருந்துச்சு, நானே பார்த்தேன். இன்னிக்கு நல்லா ஷேவ் பண்ணிட்டு உக்காந்திருக்காரு" என்றான். அருளப்பருக்கு ஒரு கை இல்லை. அப்பம் பாதியாகிவிட்டது. இதில் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மட்டும் ஒரு நூல் கலையாமல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நோராவோ பதறுவதே இல்லை. "விடுங்க, இன்னிக்கு மறுபடியும் போட்டுக்கலாம்" என்று காப்பி கொடுக்கிறாள். அவளுக்குத் தையல் ஒன்றும் தெரியாது, பாவம்.

ஆனாலும் அல்போன்சா, உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. போன தாடியைவிட மறுபடி போட்ட தாடி நன்றாக வந்திருக்கிறது. நான் தோற்க மாட்டேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

உங்கள் இருவருக்கும் மாதாவின் ஆசீரும் எங்கள் அன்பும். கடிதத்தை ஒட்டவில்லை, நோரா நாளைக் காலை ஒட்டித் தபாலில் போடுவாள்.

அன்பு அண்ணன்,
ஆம்ப்ரோஸ்

பி.கு. அல்போன்சா, அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணன் பூசைக்குப் போயிருக்கிறார். பயப்படாதே, படம் விழாவுக்கு வந்துவிடும், நான் நாள் பார்த்துத்தான் தையலைப் பிரிக்கிறேன். அவர் போன வேகத்துக்கு இந்த மாதம் வந்த பாஸ்காத் திருநாளுக்கே முடித்திருப்பார், அப்புறம் மறுபடி என் குக்கர் பக்கத்தில் கடிகாரத்தோடு வந்து நிற்பார். இப்போது தைக்கும்போது பாட்டு முணுமுணுக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை. யூதாஸை விட்டுவைத்தது பாசத்தால் அல்ல, அவர் போட்ட முடிச்சு கத்தரிக்கோலுக்கே மசியவில்லை. எனக்கு ஓர் உதவி செய். படம் கைக்கு வந்ததும், பார்த்துக் கண் கலங்கியதாகவும், அடுத்து சிலுவைப்பாதை வேண்டுமென்றும் அவருக்கு எழுது. பதினாலு ஸ்தலத்துக்கும் பதினாலு படம், தனித்தனித் துணியில்.